ரவுட்டருக்குப் பதில் லினக்ஸ் கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் நான்கு வருடமாக ரவுட்டர் வேலை பார்ப்பது ஒரு பழைய தின் கிளையன்ட் கணினி. பில் போடும் கவுண்டர்களில் மானிட்டருக்குப் பின்னால் மாட்டியிருப்பார்களே, அந்தச் சின்ன கறுப்புப் பெட்டிதான். இதைக் கேள்விப்படும் நண்பர்கள் முதலில் சிரிப்பார்கள், ஒரு வாரம் கழித்து போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இருக்கிற ரவுட்டர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

ஒழுங்காக ஓடினால் மாற்றாதீர்கள். நான் மாற்றியதற்குக் காரணம், இணைப்போடு வந்த பெட்டி வாரம் ஒருமுறை உறைந்துபோய்விடும். அணைத்துப் போட்டால் சரியாகும். என்ன ஆயிற்று என்று பார்க்க உள்ளே ஒரு லாக் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு) கூட உருப்படியாக இல்லை. ஃபர்ம்வேர் அப்டேட் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கணினியில் ஏதாவது கெட்டால் ஏன் கெட்டது என்றாவது தெரியும். எனக்கு அது போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ரவுட்டருக்குள் இருப்பதும் பெரும்பாலும் லினக்ஸ்தான். லிங்க்சிஸ் 2002 கடைசியில் விற்பனைக்குக் கொண்டுவந்த டபிள்யூஆர்டி54ஜி பெட்டிக்குள் லினக்ஸ் இருப்பதை ஆட்கள் கண்டுபிடித்தார்கள். ஜிபிஎல் உரிமப்படி மூல நிரலைக் கொடு என்று நச்சரித்ததில் 2003இல் அது வெளியே வந்தது. அதிலிருந்து 2004இல் கிளைத்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும், ரவுட்டர்களுக்கான திறந்த லினக்ஸ். ஆக, நாம் புதிதாக எதையும் செய்யப்போவதில்லை. பூட்டிவைத்த லினக்ஸை எடுத்துவிட்டுத் திறந்திருக்கும் லினக்ஸை வைக்கிறோம்.

அப்படியென்றால் ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டாலே போதாதா?

பத்தில் எட்டுப் பேருக்குப் போதும். உங்கள் மாடல் அதன் ஆதரவுப் பட்டியலில் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். இந்தப் பக்கத்தின் மீதியைப் படிக்கவே வேண்டாம். நெட் கம்பெனி கொடுக்கும் பெட்டிகள் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது என்பதுதான் சிக்கல். கணினியை ரவுட்டராக்கும் பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். இரண்டும் நல்லவை, ஆனால் லினக்ஸ் அல்ல, ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளம். மவுசால் சொடுக்கி எல்லாவற்றையும் செய்ய நினைப்பவர்களுக்கு அதுதான் வசதி.

ஃபைபர் கம்பியை நேராகக் கணினியில் சொருகலாமா?

முடியாது. சுவரில் இருந்து வரும் மஞ்சளோ வெள்ளையோ நிறத்து மெல்லிய ஃபைபர் போய்ச் சேருவது ஓஎன்டி என்னும் பெட்டியில். ஒளியை மின் சமிக்ஞையாக்குவது அது. அதன் வரிசை எண் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் பதிவாகியிருக்கும். வேறு எதையாவது செருகினால் அந்தப் பக்கம் கண்டுகொள்ளாது. ஆகவே அது அப்படியே இருக்கட்டும்.

சில வீடுகளில் ஓஎன்டி தனி, ரவுட்டர் தனி. அவர்கள் பாக்கியசாலிகள். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அதை ‘பிரிட்ஜ் மோடு’க்கு, அதாவது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை அப்படியே கடத்தும் நிலைக்கு, மாற்றச் சொல்லி நெட்காரரிடம் கேட்க வேண்டும். போனில் கேட்டால் புரியாத மாதிரி பேசுவார்கள். லைன் சரிபார்க்க வீட்டுக்கு வரும் பையனிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், என் அனுபவம் அது. கேட்கும்போதே பிபிபிஓஇ (நெட்காரரோடு லாகின் செய்து இணையும் முறை) பயனர் பெயர், கடவுச்சொல், விஎல்ஏஎன் (ஒரே கம்பியில் நெட்வொர்க்குகளைத் தனித்தனியாகப் பிரிப்பது) எண் இருந்தால் அது, மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓஎன்டியில் தரைவழி போன் சொருகியிருந்தால், பிரிட்ஜ் மோடுக்குப் போன பிறகும் அது வேலை செய்யுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் போன் ஊமையாகிவிடும்.

பிரிட்ஜ் கிடைக்கவில்லை என்றாலும் நடத்தலாம். ஓஎன்டியின் பின்னால் நம் கணினி, அதன் பின்னால் வீடு. உள் முகவரியை வெளி முகவரியாக்கும் முகவரி மாற்றம் இரண்டு முறை நடக்கும், சாதாரண உபயோகத்துக்குப் பரவாயில்லை. ஒன்று மட்டும் கவனம்: ஓஎன்டியும் 192.168.1 வரிசை, உங்கள் உள் நெட்வொர்க்கும் 192.168.1 வரிசை என்று இருந்தால் எதுவுமே ஓடாது. எந்தப் பக்கம் அனுப்புவது என்று கணினிக்குக் குழப்பம். உள்ளே 192.168.10 என்று வைத்துவிடுங்கள்.

எந்தக் கணினி வேண்டும்?

100, 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 15 வருடப் பழைய கணினியே தாராளம். பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, இந்தப் போர்ட்டில் வாங்கி அந்தப் போர்ட்டில் விடுவது கணினிக்கு ஒரு வேலையே இல்லை. பார்க்க வேண்டியது மூன்று: இரண்டு நெட்வொர்க் போர்ட், குறைந்த மின்சாரம், ஃபேன் இல்லாத உடம்பு. நம் ஊர்த் தூசிக்கு ஃபேன் ஆகாது.

ராஸ்பெரி பை 4 (2019) நன்றாகவே ஓடும். அதற்கு முந்தைய 3பி பிளஸில் போர்ட் ஜிகாபிட் என்று எழுதியிருந்தாலும் உள்ளே யுஎஸ்பி 2 வழியாகப் போவதால் 300 எம்பிபிஎஸ் பக்கம் நின்றுவிடும். எஸ்டி கார்டில் ஓட்டினால் லாக் எழுதி எழுதியே கார்டு செத்துப்போகும், லாக்கை ரேமில் வைக்கும்படி மாற்றிவிடுங்கள். புதிதாகவே வாங்குவதென்றால் இன்டெல் என்100 போட்ட, இரண்டு அல்லது நான்கு போர்ட் மினி கணினிகள் கிடைக்கின்றன. சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் பழைய தின் கிளையன்ட் தேடலாம். வாங்கும்போது அதன் சொந்த அடாப்டரும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். அடாப்டருக்காக நான் தனியாக இரண்டு நடை அலைந்தேன்.

ஒரே போர்ட்தான் இருக்கிறதென்றால் யுஎஸ்பி 3 நெட்வொர்க் அடாப்டர் ஒன்று போதும். முதல் ஆறு மாதம் நான் அப்படித்தான் ஓட்டினேன். விஎல்ஏஎன் தெரிந்த சுவிட்ச் இருந்தால் ஒரே போர்ட்டிலேயே இரண்டு பக்கத்தையும் பிரிக்கலாம். ஆனால் முதல் முயற்சியிலேயே அதில் இறங்காதீர்கள்.

கரண்ட் பில் எகிறாதா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இந்தக் கணினி 24 மணி நேரமும் ஓடும். 10 வாட் பெட்டி என்றால் ஒரு நாளைக்கு 0.24 யூனிட், இரண்டு மாத பில்லில் 14.4 யூனிட். பழைய டெஸ்க்டாப்பை எடுத்து வைத்து அது 60 வாட் இழுத்தால் அதே இரண்டு மாதத்துக்கு 86.4 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை முக்கால்வாசிக்கு மேல் ரவுட்டரே தின்றுவிடும். பரணில் சும்மாதானே கிடக்கிறது என்று டெஸ்க்டாப்பைத் தூசி தட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தட்டவும்.

வைஃபை? கணினியே வைஃபை கொடுக்குமா?

கொடுக்க வைக்கலாம், ஹோஸ்ட்ஏபிடி என்று மென்பொருள் இருக்கிறது. ஆனால் வேண்டாம். மடிக்கணினி வைஃபை கார்டுகள் நெட்டை வாங்குவதற்குச் செய்தவை. ஒரு வீட்டுக்கே விநியோகிப்பதற்கு அல்ல. சமையலறை வரை சிக்னல் வராது, வீட்டில் பேச்சு வாங்குவீர்கள்.

கடையில் ரவுட்டர் என்று விற்பது ஒரு பெட்டியல்ல, நாலைந்து பேர் குடியிருக்கும் லைன் வீடு. வழிகாட்டுபவர் ஒருவர், சுவிட்ச் ஒருவர், வைஃபை ஒருவர், முகவரி கொடுப்பவர் ஒருவர், காவல்காரர் ஒருவர். இதில் வைஃபைகாரரைக் காலி செய்யச் சொல்லவே தேவையில்லை. பழைய ரவுட்டரில் முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்து, அதன் முகவரியை 192.168.10.2 என்று மாற்றி, கணினியிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் சொருகுங்கள். இணையம் என்று தனி நிறத்தில் இருக்கும் போர்ட்டில் அல்ல. அவ்வளவுதான், அது இனி வெறும் வைஃபை பெட்டி.

எந்த லினக்ஸ், என்னென்ன நிறுவ வேண்டும்?

நான் டெபியன். திரை, மவுஸ் எல்லாம் இல்லாத வெறும் நிறுவல். நீங்கள் தினமும் பழகும் விநியோகம் எதுவோ அதையே வையுங்கள். ராத்திரி 11 மணிக்கு நெட் போனால் பழகிய இடத்தில்தான் கை தானாகப் போகும்.

வெளிப்பக்கம் இணைக்க பிபிபி. உள்பக்கம் முகவரி கொடுக்கவும் தளப் பெயருக்கு முகவரி தேடவும் டிஎன்எஸ்மாஸ்க் ஒன்றே போதும். காவலுக்கு, அதாவது ஃபயர்வாலுக்கு, என்எஃப்டேபிள்ஸ். இத்துடன் லினக்ஸின் மையமான கர்னலில், பாக்கெட்டை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் கடத்த விடும் ஐபி ஃபார்வர்டிங் என்ற ஒரு எண்ணை 0இலிருந்து 1 ஆக்க வேண்டும். இந்த ஒன்றை மறந்துவிட்டு அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் ஒரு சடங்கு. உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சடங்கும் உண்டு: அதனுடனேயே வரும், பெயர் தேடும் சிஸ்டம்டி ரிசால்வ்டு ஏற்கெனவே 53ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருப்பதால் டிஎன்எஸ்மாஸ்க் எழுந்திருக்காது. அதை நகர்த்திவிட்டு இதை ஏற்ற வேண்டும்.

போர்ட்களுக்குப் பெயரும் நீங்களே வையுங்கள். லினக்ஸ் தானாக வைக்கும் பெயர்கள், உள்ளே ஒரு கார்டு கூடுதலாகச் செருகினால் மாறிவிடக்கூடும். அப்போது ஃபயர்வால் விதி ஒரு பெயரைச் சொல்லும், போர்ட் வேறு பெயரில் இருக்கும். போர்ட்டின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரியை வைத்து நிரந்தரப் பெயர் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. என் கணினியில் ஆங்கில எழுத்தில் ‘வெளி’, ‘உள்’ என்றே வைத்திருக்கிறேன். விதிகளைப் படித்தால் பேச்சுத் தமிழ் மாதிரி இருக்கிறது.

ஃபயர்வால் எழுதத் தெரியாதே?

லினக்ஸில் 2001இல் 2.4 கர்னலோடு வந்தது ஐபிடேபிள்ஸ். 2014இல் 3.13 கர்னலில் சேர்ந்தது என்எஃப்டேபிள்ஸ். பழைய வழிகாட்டிகள் முன்னதைச் சொல்லும், இன்று புதிதாகத் தொடங்குபவர்கள் பின்னதையே எடுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

மொத்தமே முப்பது வரி. அதன் சாரம் இதுதான்: உள்ளேயிருந்து வெளியே போவது போகட்டும், போனதற்குப் பதிலாக வருவது வரட்டும், மற்றதெல்லாம் வாசலோடு விழட்டும். கூடவே, வெளியே போகும்போது உள் முகவரியைக் கழற்றி வெளி முகவரியை மாட்டும் மாஸ்கரேட் விதி ஒன்று. வேறொரு கணினியிலிருந்து இந்தக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்பக்கத்துக்கு மட்டும் திறந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் திறந்து வைத்தால் அன்றைக்கே லாக்கில் யார் யாரோ கடவுச்சொல் போட்டுப் பார்ப்பது தெரியும்.

விதியை மாற்றும் முன் ஒரு முன்ஜாக்கிரதை. ஒருமுறை அலுவலகத்தில் இருந்தபடி வீட்டு ஃபயர்வாலைத் திருத்தினேன். ஒரு வரி இடம் மாறியது. திரையில் எழுத்து அப்படியே நின்றது. அடுத்த நிமிடம் வீட்டிலிருந்து போன். சாயந்திரம் வரை என்னால் செய்ய முடிந்ததெல்லாம் மன்னிப்புக் கேட்பது மட்டும்தான். இப்போதெல்லாம் புதிய விதியை ஏற்றும் முன், ‘5 நிமிடம் கழித்துப் பழைய கோப்பைத் திரும்ப ஏற்று’ என்று, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் ‘அட்’ கட்டளையில் சொல்லி வைப்பேன். எல்லாம் ஓடினால் அதை ரத்து செய்வேன். பூட்டிக்கொண்டால் 5 நிமிடத்தில் தானே திறக்கும்.

நெட் வருகிறது, ஆனால் சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஏன்?

பிபிபிஓஇ இணைப்பா? அப்படியென்றால் காரணம் அனேகமாக எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. முதல் முறை இதில் நான் இரண்டு நாள் தொலைத்தேன். கூகுள் திறக்கிறது, செய்தித் தளம் திறக்கிறது, வங்கித் தளம் மட்டும் வெள்ளைத் திரை. பிங் (சின்ன பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) போட்டால் பதில் வருகிறது. எதைச் சந்தேகப்படுவது?

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டுக்குள் 1500 பைட் போகலாம். பிபிபிஓஇ தன் உறைக்காக 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் மீதி 1492. வீட்டுக்குள் இருக்கும் போனுக்கு இது தெரியாது, அது 1500 கணக்கிலேயே எதிர்ப்பக்கம் பேசும். அங்கிருந்து வரும் பீரோ மாதிரியான பெரிய பாக்கெட் நம் வாசலில் நுழையாது. ‘வாசல் சின்னது, சின்னதாக அனுப்பு’ என்று ஒரு ஐசிஎம்பி தகவல் திரும்பிப் போக வேண்டும். சில தளங்களின் ஃபயர்வால் அந்தத் தகவலையே வெளியில் நிறுத்திவிடுவதால், அவர்கள் பெரிய பீரோவையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்கள். சின்ன பாக்கெட் எல்லாம் நுழைந்துவிடும், அதனால்தான் பிங் வேலை செய்கிறது.

மருந்து ஒரே வரி. டிசிபி இணைப்பு தொடங்கும்போதே எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் தலைப்பு போக மீதித் தரவின் அளவு) வழியின் எம்டியுவுக்கு ஏற்பக் குறைக்கும் விதி. 1492இல் தலைப்புகளுக்கான 40 கழித்து 1452 என்று ஆகும். வங்கித் தளம் பட்டென்று திறந்தது.

கணினியை வைத்தால் நெட் வேகம் கூடுமா?

கூடாது. கட்டிய காசுக்கு என்ன வேகமோ அதுதான். கூடுவது வேறொன்று.

ஒரு கவுண்டரில் ஒருவர் நாற்பது டிக்கெட்டுக்கு நிற்கிறார், அவர் பின்னால் ஒரே டிக்கெட்டுக்கு ஒரு பாட்டி. நாற்பதும் முடிந்தால்தான் பாட்டிக்கு வழி. வீட்டில் ஒருவர் கல்யாண வீடியோவை மேலேற்றும்போது இன்னொருவரின் வீடியோ கால் திக்குவது இதனால்தான். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். பெட்டிகளில் வரிசை நிற்கும் இடம் தேவைக்கு மேல் நீளமாக இருப்பதால் வரும் வியாதி. எங்கள் வீட்டில் சும்மா இருக்கும்போது 8 மில்லிசெகண்டில் வந்த பிங், வீடியோ ஏறும்போது 300ஐத் தாண்டியது.

லினக்ஸ் கர்னலில் 2012இல் எஃப்க்யூ கோடல் வந்தது, 2018இல் 4.19 கர்னலில் கேக் வந்தது. இவை ஒவ்வொரு பேச்சுக்கும் தனி வரிசை போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக விடும். ஆனால் வரிசை நம் பெட்டியில் உருவானால்தான் நம்மால் ஒழுங்குபடுத்த முடியும். அதனால் கேக்கிடம் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து, 90 முதல் 95 சதவீதம் என்று சொல்ல வேண்டும். கையில் இருக்கும் வேகத்தை விட்டுக்கொடுக்க மனசு வராது. விட்டுக்கொடுங்கள். வீடியோ ஏறும்போதும் பிங் 15ஐத் தாண்டுவதில்லை. நான்கு வருடத்தில் வீட்டில் ஒருவர் வாயிலிருந்து பாராட்டு வந்தது இதற்கு மட்டும்தான்.

விளம்பரத்தைத் தடுக்குமா?

டிஎன்எஸ்மாஸ்க்கில் விளம்பரத் தளப் பெயர்களின் தடைப்பட்டியல் ஏற்றினால் நிறையக் குறையும். யூடியூப் விளம்பரம் போகாது. வீடியோ வரும் இடத்திலிருந்தே விளம்பரமும் வருவதால் பெயரை வைத்துப் பிரிக்க முடியாது.

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க போர்ட் திறந்தேன், வரவில்லையே?

கணினியின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தால், நெட் கம்பெனி உங்களையும் இன்னும் பலரையும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அந்த வரிசையே 2012இல் இதற்கென்று ஒதுக்கியது. நீங்கள் உங்கள் கதவைத் திறந்தாலும் தெருமுனைக் கேட் அவர்கள் கையில். நிலையான முகவரி காசு கொடுத்து வாங்கலாம். அல்லது வெளியே வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு என்னும் விபிஎன் சுரங்கம் போடலாம். வயர்கார்டு 2020இல் 5.6 கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. எப்படிச் செய்தாலும் கேமராவை நேராக வெளியே திறந்து வைக்காதீர்கள்.

ஐபிவி6ஐ அணைத்துவிடலாமா?

வேண்டாம். புதிய, நீண்ட முகவரி முறை அது. இருக்கட்டும், ஆனால் அதற்கும் காவல் போடுங்கள். ஐபிவி4இல் முகவரி மாற்றம் நடப்பதால் வெளியாட்களுக்கு உள்ளே வழி சட்டென்று தெரியாது. ஐபிவி6இல் வீட்டு டிவி வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் பொது முகவரி. விதிகளை ஐபிவி4க்கு மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். என்எஃப்டேபிள்ஸில் ‘ஐநெட்’ வகை டேபிள் எடுத்தால் ஒரே விதி இரண்டுக்கும் பொருந்தும். ஐசிஎம்பிவி6ஐ மொத்தமாக அடைத்துவிடாதீர்கள், அது இல்லாமல் ஐபிவி6 மூச்சுவிடாது. முகவரித் தொகுதி வாங்க டிஎச்சிபிவி6 பதில் 546ஆம் போர்ட்டில் வரும், அதையும் விடுங்கள்.

கரண்ட் போய்த் திரும்பினால்?

கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸில், மின்சாரம் வந்ததும் தானே ஆன் ஆகும்படி ஓர் அமைப்பு இருக்கும். அதைப் போடாமல் ஊருக்குப் போகாதீர்கள். நான் போட்டேன், இருந்தும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பழைய பெட்டியின் பயாஸ் பேட்டரி செத்துப்போயிருந்தது. நீண்ட நேரம் கரண்ட் இல்லாததில் அந்த அமைப்பே மறந்து, கடிகாரமும் பல வருடம் பின்னால் போய், பெட்டி அணைந்தபடி கிடந்தது. பழைய கணினி வாங்கினால் முதல் செலவு அந்த நாணய அளவு 2032 பேட்டரியாக இருக்கட்டும்.

ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ்கள் 12 வோல்ட் தருபவை. என் கணினிக்கு 19 வோல்ட் வேண்டும், அதனால் வீட்டு இன்வெர்ட்டரில்தான் ஓடுகிறது. இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் பொத்தானை ‘யுபிஎஸ்’ பக்கம் தள்ளி வையுங்கள், மாறும் அந்த நொடியில் கணினி அணையாது.

அதே கணினியில் வேறு வேலையும் ஓட்டலாமா?

ஆசை வரும். அடக்குங்கள். செயலிகளைத் தனித்தனி டப்பாவில் ஓட்டும் டாக்கரை நிறுவினால், அது பாக்கெட்டைக் கடத்தும் ஃபார்வர்டு விதியின் இயல்பை மறுப்பாக மாற்றிவிடும். ஏதோ படம் சேமிக்கும் செயலியை முயன்று பார்க்கப் போய், வீட்டில் எல்லோருக்கும் நெட் நின்றுவிடும்.

நான் வீட்டில் இல்லாதபோது நின்றுவிட்டால்?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். தம்பி வீட்டில் சும்மா கிடந்த ஒரு வெள்ளை ரவுட்டரை வாங்கி, பிபிபிஓஇ விவரம் எல்லாம் போட்டு, எங்கள் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே கொடுத்து, கணினிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஓஎன்டியிலிருந்து வரும் கேபிளில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. ஷெல்ஃபின் உள்பக்கம் ஒரு தாள்: ‘மேலே இருக்கும் வைஃபை பெட்டியை அணைக்கவும். கறுப்புப் பெட்டியில் இருந்து சிவப்பு டேப் கேபிளைப் பிடுங்கவும். வெள்ளைப் பெட்டியில் நீல ஓட்டையில் சொருகவும். வெள்ளைப் பெட்டிக்கு ஸ்விட்ச் போடவும். 2 நிமிடம் பொறுக்கவும்.’

பேட்டரி செத்த அந்த நாளில் அம்மா இதைப் பார்த்துத் தானே மாற்றிவிட்டார். நான் ஊரிலிருந்து திரும்பி வந்து இரண்டு நாள் கழித்துத்தான், வெள்ளைப் பெட்டி ஓடிக்கொண்டிருப்பதையே கவனித்தேன்.